கடைசி நாளே இல்லாத செட்!

ப்ளஸ் டூ கடைசி நாள்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? இங்க் தெளிச்ச சட்டை, ஆட்டோகிராஃப் நோட்டு, கேட் பக்கத்துல கலங்கின கண்ணு... இதானே?

நெசவுக்குப் பேர்போன நம்ம திண்டுக்கல் நாகல் நகர்ல 2021-ல் ப்ளஸ் டூ முடிச்சவங்களைக் கேளுங்க. தமிழ்நாடு முழுக்க அந்த செட்டுக்கு கடைசி நாள்னு ஒண்ணு சரியா அமையவே இல்லை!

2020 மார்ச்ல ப்ளஸ் ஒன் கடைசிப் பரீட்சைக்குள்ள ஊரடங்கு. அப்புறம் கல்வித் தொலைக்காட்சி, வாட்ஸ்அப் பாடம். 2021 ஜனவரி 19-ல் ஸ்கூல் திறந்தப்போ ஒரு ரூமுக்கு 25 பேர், மூஞ்சியில மாஸ்க். ஏப்ரல்ல ப்ராக்டிகல் முடிஞ்சது. அவ்வளவுதான். ஜூன் 5-ல் பொதுத்தேர்வே ரத்து!

‘எழுதாமலே பாஸ்’னு இன்னிக்கும் அவங்களைக் கலாய்க்கிறோமே, நியாயமா? ஜூலை 19-ல் வந்த மார்க் எப்படி வந்துச்சு தெரியுமா? பத்தாவதுல இருந்து 50 சதவிகிதம், ப்ளஸ் ஒன்ல இருந்து 20, ப்ளஸ் டூ ப்ராக்டிகல், இன்டர்னல்ல இருந்து 30. ஒரு நாள் பரீட்சை இல்லை பாஸ்... மூணு வருஷ உழைப்பு!

மார்க் கிடைச்சிடுச்சு. கிடைக்காதது அந்த ‘போயிட்டு வர்றேண்டா’ மட்டும்தான். 2021 செட் மக்களே, தீபாவளி லீவுக்கு ஊருக்கு வருவீங்கள்ல? மலைக்கோட்டை மேல ஒண்ணாக் கூடுங்க. ஒருத்தர் அட்டெண்டன்ஸ் எடுங்க. வராதவங்களுக்கு அங்கேயிருந்தே போன் போடுங்க. எல்லாரும் ஒருவாட்டி சத்தமா சொல்லுங்க... ‘உள்ளேன் ஐயா!’