டிவிக்கு ஒரு முட்டைக்கோஸ், டிஸ்குக்கு ஒரு முட்டைக்கோஸ்

2006-இல் ஜப்பானில் 'யோஆகே மாஎ யோரி ரூரீரோ நா' என்றொரு அனிமே தொடர் ஒளிபரப்பானது. மூன்றாவது எபிசோடில் ஒரு சமையல் காட்சி. பலகையின் மேல் முட்டைக்கோஸ் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதே மரியாதைக்குத்தான். இலையும் இல்லை, நரம்பும் இல்லை. வழுவழுவென்று ஒரு பச்சை உருண்டை. கத்தி அதை அறுத்துக்கொண்டு போகிறது. ஜப்பானிய ரசிகர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. இன்றைக்கும் ஏதாவது தொடரில் முட்டைக்கோஸ் வந்தால், ஒழுங்காக வரைந்திருக்கிறார்களா என்று உற்றுப் பார்ப்பவர்கள் அங்கே உண்டு. பிறகு டிவிடி வந்தது. அதில் முட்டைக்கோஸ், முட்டைக்கோஸாகவே இருந்தது.

டிஸ்கில் படம் நன்றாக இருக்கிறது என்றால், பிக்சல் அதிகம், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அதிலும் உண்மை உண்டு. ஜப்பானின் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு பெரும்பாலும் 1440×1080 பிக்சல், ப்ளூரே 1920×1080. ஒளிபரப்பில் நொடிக்குச் சுமார் 15 மெகாபிட்டுக்குள் படத்தை நெருக்கி அடைக்க வேண்டும். ப்ளூரேயில் 40 வரை போகலாம். அதனால்தான் மழை, தீப்பொறி, பூவிதழ் பறக்கும் காட்சிகள் டிவியில் கட்டம் கட்டமாக உடைகின்றன, டிஸ்கில் உடைவதில்லை. ஆனால் ஏகப்பட்ட டிவி அனிமேக்கள் 1080-க்கும் குறைந்த அளவில் தயாராகி, பிறகு பெரிதாக்கப்பட்டவைதான். பிக்சலை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அந்தப் பச்சை உருண்டை கூர்மையான பச்சை உருண்டையாகத்தான் தெரிந்திருக்கும். அதை யாரோ மறுபடி உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள்.

ஏன் முதலிலேயே வரையவில்லை? நேரம் இல்லை, அதுதான் பதில். ஓர் எபிசோடில் கதை ஓடுவது இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்குள் ஏறக்குறைய 300 ஷாட். நொடிக்கு 24 பிரேம் என்றாலும் பொதுவாக மூன்று பிரேமுக்கு ஒரு படம் வீதம், அதாவது நொடிக்கு எட்டுப் படம் வரைகிறார்கள். அப்படியும் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். முக்கிய நிலைகளை ஒருவர் வரைவார். நடுவில் வரும் அசைவுகளை இன்னொருவர் நிரப்புவார். பல சமயம் அவர் வேறு ஊரில், வேறு நாட்டில் இருப்பார். இத்தனை கை பட்டால் ஒரே கதாநாயகிக்கு எபிசோடுக்கு எபிசோடு முகம் மாறும். அதைத் தடுக்க ஒரு மேற்பார்வை ஓவியர் இருக்கிறார். வந்த படத்தின் மேல் ஒரு மெல்லிய வண்ணத்தாளை வைத்து (பெரும்பாலும் மஞ்சள்) கண் இங்கே, தாடை இப்படி என்று திருத்தி வரைந்து அனுப்புவார். கெடு நெருங்க நெருங்க அந்த மஞ்சள் தாள் எல்லா ஷாட்டுக்கும் போய்ச் சேராது. முகம் கோணினாலும் சரி, வண்ணம் பூசி அனுப்பு என்றாகிவிடும். ஒளிபரப்பு நேரம் யாருக்காகவும் நிற்காதல்லவா?

வாரப் பத்திரிகையில் அவசரமாக எழுதிய தொடர்கதையை எழுத்தாளர் புத்தகமாகப் போடும்போது திருத்துவாரே, டிஸ்குக்காக மறுபடி வரைவதும் கிட்டத்தட்ட அந்த வேலைதான். 2011-இல் வந்த 'மடோகா மாஜிகா' நல்ல உதாரணம். ஷின்போ அகியுகி இயக்கத்தில் ஷாஃப்ட் ஸ்டுடியோ தயாரித்தது. டிவியிலேயே பெரிய வெற்றி; யாரும் அதை மட்டமான வேலை என்று சொல்லவில்லை. ஆனாலும் ப்ளூரேயில் முகங்கள், பின்னணிகள், ஒளி என்று ஏராளமான ஷாட்டுகளை மாற்றியிருந்தார்கள். 2015 ஆகஸ்டில் 'டிராகன் பால் சூப்பர்' ஐந்தாவது எபிசோடின் கதை வேறு. கோகுவும் பீரஸும் மோதும் முக்கியமான சண்டை. உடம்பு ஒரு அளவு, தலை ஒரு அளவு. உலகம் முழுக்கக் கேலி செய்தார்கள். டிஸ்கில் திருத்திய படங்கள் வந்தன. மடோகாவில் நடந்தது மெருகேற்றல், இங்கே நடந்தது மானம் காத்தல்.

சும்மா மனசாட்சிக்காக யாரும் பணம் போட்டு மறுபடி வரையமாட்டார்கள். நள்ளிரவுத் தொடர்களில் பல, தயாரிப்புக் குழு தானே காசு கொடுத்து ஒளிபரப்பு நேரம் வாங்கிக் காட்டியவை. டிவியில் வருவது விளம்பரம் மாதிரி, வியாபாரம் டிஸ்கில். இரண்டே எபிசோடு உள்ள ப்ளூரேயை ஆறாயிரம், ஏழாயிரம் யென்னுக்கு விற்றார்கள். இலவசமாகப் பார்த்துவிட்ட ஒன்றை அந்த விலைக்கு வாங்க வைக்க ஏதாவது கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். டிவியில் வெள்ளை ஒளிக்கற்றையும் குளியலறை ஆவியும் போட்டு மறைத்ததை டிஸ்கில் எடுத்துவிடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதைப் 'படத்தரம்' என்று விளம்பரப்படுத்துவது கொஞ்சம் அதிகப்படி.

இதற்கெல்லாம் சம்பந்தமில்லாத இன்னொரு வித்தியாசமும் உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பான 'போகிமான்' எபிசோடில் சிவப்பும் நீலமும் படுவேகமாக மாறி மாறி மின்னின. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 685 பேரை, பெரும்பாலும் குழந்தைகளை, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்த எபிசோடு அதற்குப் பிறகு டிவியிலும் வரவில்லை, டிஸ்கிலும் வரவில்லை. அடுத்த ஆண்டு ஜப்பானிய ஒளிபரப்பாளர்கள் விதிமுறை வகுத்தார்கள்: பொதுவாக நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது, சிவப்பு விஷயத்தில் கூடுதல் கவனம். ஆனால் சண்டைக் காட்சி என்றாலே மின்னல்தானே? அதனால் ஒளிபரப்புக்கு முன் அந்த இடங்களில் திரையை மங்கலாக்குகிறார்கள்; அடுத்தடுத்த பிரேம்களை ஒன்றோடொன்று குழைத்து நிழல் விழ வைக்கிறார்கள். டிஸ்குக்கு அந்த ஒளிபரப்பு விதி கிடையாது என்பதால் அந்த மங்கலைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். ஓவியர் வரைந்த வெளிச்சம் முழுசாகத் தெரியும். வலிப்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கு டிவி பிரதிதான் பாதுகாப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது டிஸ்க் வாங்குபவர்கள் குறைந்துவிட்டார்கள். பெரும்பாலோர் ஸ்ட்ரீமிங்கில்தான் பார்க்கிறார்கள். ஜப்பானில் ஒளிபரப்பான அன்றே இங்கே வரும் எபிசோடு என்றால், பல நேரம் அது டிவிக்காக மங்கலாக்கிய அதே பிரதிதான். டிஸ்க் வெளிவந்த பிறகு சில தளங்கள் பிரதியை மாற்றுகின்றன, சில அப்படியே விட்டுவிடுகின்றன, அறிவிப்பும் இருக்காது. எனவே உச்சக்கட்டச் சண்டையில் மட்டும் திடீரென்று திரை இருட்டிக்கொண்டு உருவங்கள் இரட்டையாகத் தெரிந்தால், ரிமோட்டை எடுத்து பிரைட்னெஸைக் கூட்டிப் பிரயோஜனம் இல்லை. உங்கள் டிவி நன்றாகத்தான் இருக்கிறது.