தென்னை ஏறுங் கருவியும் காப்புக் கச்சையும்

புதுக்கோட்டை ஜில்லாவில் ஆலங்குடி, கீரமங்கலம் முதலிய பகுதிகளில் தென்னை பெருவாரியாகப் பயிராகிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வீசிய கஜா புயலில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. எஞ்சிய மரங்களில் காய் இறக்க ஆள் கிடைப்பது அருமை. தளைநார் பூட்டி ஏறுவோர்க்குப் பாதமும் மார்பும் காய்த்துப் போகின்றன. பிடி நழுவினால் உயிருக்கே அபாயம்.

ஏறுங் கருவிகள் முக்கியமாக இருவகைப்படும். கேரளத்துச் செம்பேரி ஜோசப் அமைத்தது நின்று ஏறும் வகை. பழகியவர் இதில் விரைவாய் ஏறலாம். ஆயினும் உடற்பாரம் பெரும்பாலும் கால்களிலேயே விழும். மற்றது உட்கார்ந்து ஏறும் வகை. இதில் வேகம் குறைவு. ஆனால் உச்சியில் நெடுநேரம் வேலை செய்வோர்க்கும் புதிதாய்ப் பழகுவோர்க்கும் சௌகரியமானது. எவ்வகையாயினும், பிடி வளையத்தை மரத்தின் பருமனுக்கேற்பப் பொருத்திச் சோதித்த பின்னரே ஏறவேண்டும்.

கருவியுடன் கச்சையும் அவசியம். இடுப்பை மட்டும் சுற்றிய கச்சை, விழுங்கால் வயிற்றை நெரிக்கும். தொடைகளையும் தோள்களையும் சேர்த்துப் பற்றும் முழுக் கச்சையே உத்தமம். தொடைவாரினுள் விரித்த உள்ளங்கை நுழையவேண்டும். மூடிய கை நுழையலாகாது. மரத்தைச் சுற்றிய கயிறு தளராமல், இடுப்புக்கு மேலாக இருத்தல் நலம். தவறித் தொங்குபவரைத் தாமதமின்றி இறக்கவேண்டும். அசையாது தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி மயக்கம் உண்டாகும். ஆகையால் ஒருவரைத் தனியே ஏறவிடலாகாது.

ஏறுபவர் கூலிக்கு வருபவராயினும், அவருடைய உடலுக்குப் பொருந்தும் கச்சையைத் தோப்புடையாரே வாங்கி வைப்பது கடமையாகும்.