மாநகரமா, கிராமமா? மதுரையின் ஓயாத வழக்கு

பட்டிமன்றம் என்ற சொல்லைக் கேட்டவுடனே தமிழர் பலருடைய மனம் மதுரையை நாடிச் செல்லும். குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவராக வீற்றிருந்து இலக்கிய விவாதத்தைச் சாமானிய ஜனங்களின் சொத்தாக ஆக்கிய பின்னர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த பேராசிரியர் சாலமன் பாப்பையா அந்த மேடையைத் தெருப் பேச்சின் எளிமைக்கும் வீட்டுத் திண்ணையின் நெருக்கத்திற்கும் கொண்டுவந்தார். 2021-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. கோயில் திருவிழாக்களிலும் பொங்கல் விழாக்களிலும் எத்தனை முறை பேசினாலும் சலிக்காத தலைப்பு ஒன்று உண்டு: மனிதன் நிம்மதியாக வாழ்வது நகரத்திலா, கிராமத்திலா? இரு பக்ஷத்தாரும் பேசி முடித்ததும் நடுவர் தீர்ப்புச் சொல்லுவார். கூட்டம் கைதட்டிக் கலைந்துபோகும்.

ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் அதே கேள்வி, கைதட்டிக் கலைந்துவிட முடியாத ஜீவாதாரப் பிரச்சினையாக எழுந்து நிற்கிறது. 1971-இல் மாநகராட்சியாக உயர்ந்த மதுரை, 2011-இல் அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் ஆகிய நகராட்சிகளையும் திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி முதலிய பேரூராட்சிகளையும் தன்னுள் சேர்த்துக்கொண்டு, 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாகப் பெருகியது. இன்னும் சில ஊராட்சிகளையும் இணைக்கலாம் என்ற யோசனை எழும்போதெல்லாம், கிராம சபையில் மனுவும் கையுமாக ஜனங்கள் எழுந்து நிற்கிறார்கள். இணைந்துவிட்டால் நூறு நாள் வேலை போய்விடும், ஏனென்றால் அந்தத் திட்டம் ஊரகத்திற்கு மட்டுமே உரியது. வீட்டு வரியும் தண்ணீர் வரியும் ஏறும். ஓலைக்கொட்டகையை ஓட்டு வீடாக மாற்றுவதற்குக்கூட அலுவலகப் படி ஏற வேண்டியிருக்கும் என்பது ஒரு பக்ஷம். நல்ல சாலை வரும், பாதாளச் சாக்கடை வரும், நேரத்திற்குப் பேருந்து வரும், மனைக்கு விலை ஏறும் என்பது மறு பக்ஷம். ஒரே வீட்டில் தகப்பன் முதல் பக்ஷமாகவும் கல்லூரிக்குப் போகிற மகள் மறு பக்ஷமாகவும் இருப்பதுண்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வந்த கிழவி, நூறு நாள் கூலி நின்றுபோனால் மாத்திரை வாங்குவதற்கும் மகன் கையை எதிர்பார்க்க வேண்டியதுதான் என்று சொல்லும்போது, அந்தப் பேச்சுக்கு எதிர்வாதம் செய்ய யாருக்கும் வாய் வருவதில்லை.

நகரம் தன் எல்லையைக் கடந்து பரவுவது மதுரைக்குப் புதிதன்று. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்திருந்த ஊரை, 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து விரிவுபடுத்தினார். மதிலை இடித்து மண்ணைச் சமன்செய்பவருக்கே அந்த நிலம் சொந்தம் என்று அறிவித்து, ஜனங்களின் கையாலேயே அந்த வேலையை முடித்தார். வெளி வீதிகள் அப்படிப் பிறந்தவை. அளவை அதிகாரி மாரட்டின் பெயரும் உடனிருந்து வேலை பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றும் வீதிப் பெயர்களாக வழங்குகின்றன; பிளாக்பர்னின் நினைவாக நிறுத்தப்பட்ட விளக்குத்தூணும் அந்தப் பக்கத்திற்கே பெயராகிவிட்டது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், நகரின் தென்கிழக்கே கீழடியில் அகழ்ந்தெடுத்த செங்கல் கட்டடங்களும் உறைகிணறுகளும், வைகைக் கரையில் நெருங்கி வாழும் வழக்கம் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்பதைப் பிரத்தியக்ஷமாகக் காட்டுகின்றன.

நகரத்தின் பக்ஷம் பேச வருகிறவர்கள் திரையரங்குகளையும் கடைவீதிகளையும் காட்டி வாதத்தைத் தொடங்குவது எனக்கு உடன்பாடன்று. அரசு இராசாசி மருத்துவமனையின் வாசலில் அதிகாலையில் போய் நின்று பார்க்க வேண்டும். ஒயர் கூடையில் சோற்றுப் போசியும் மாற்றுப் புடைவையும், கக்கத்தில் சுருட்டிய கோரைப் பாயும், கையில் பழைய சீட்டுக்களை வைத்த மஞ்சள் பையுமாக, தேனிப் பக்கத்திலிருந்தும் சிவகங்கைச் சீமையிலிருந்தும் இராமநாதபுரத்துக் கரிசலிலிருந்தும் முதல் பேருந்தில் வந்து இறங்குகிறவர்களின் முகத்தில் எழுதியிருப்பதே மாநகரத்திற்கு ஆதரவான முதல் வாதம்.

அந்த வாதத்தை ஒரு மனிதரின் வாழ்க்கையாகவே காணலாம். அயன்வடமலாபுரம் என்ற சிற்றூரில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, இளமையில் தம் உறவுப் பெண்கள் பிரசவ காலத்தில் மருத்துவ உதவி கிட்டாமல் மாண்டதைக் கண்டு வைத்தியத் துறையை நாடியவர். கடுமையான மூட்டு நோயால் விரல்கள் கோணிப்போன பின்னும் கண் அறுவையைக் கற்றுத் தேர்ந்து, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் மூலையில் உட்கார்ந்துவிட்ட எண்ணற்ற கிராமத்து முதியவர்களுக்குப் பார்வை திரும்பியது அந்த முயற்சியினால்தான். வைத்தியரும் கருவியும் பயிற்சிபெற்ற தாதியரும் ஓரிடத்தில் திரண்டாலொழிய அத்தகைய காரியம் கைகூடாது. அவ்விதம் திரளும் இடம் நகரமாகவே இருக்க முடியும்.

இரண்டாவது வாதம் இதனினும் ஆழமானது; அது ஜாதியைப் பற்றியது. கிராமத்தின் பெருமையை உலகறியச் செய்த காந்தியடிகள், ஏழை விவசாயியின் உடையான நான்கு முழ வேட்டியை ஏற்றுக்கொண்டது எந்தக் குக்கிராமத்திலும் அன்று. 1921 செப்டம்பர் 22-ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில், ஒரு வீட்டில்தான். அவருக்கு நேர்மாறாக அம்பேத்கர், 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, கிராமம் என்பது அறியாமையும் குறுகிய நோக்கும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்ற கருத்தைத் தயவு தாட்சணியமின்றி எடுத்துரைத்தார். காலனிக்கும் ஊருக்கும் நடுவே கோடு கிழித்து வைத்திருந்த சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, அம்பேத்கரின் வார்த்தை ஏட்டு வாதமாகத் தோன்றியிராது. 1939 ஜூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் ஹரிஜன சகோதரர்களை மீனாட்சியம்மன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றாரே, அந்தக் குழுவில் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனும் ஒருவர். மேலூர்ச் சமவெளியின் பிள்ளைக்குக் கோயில் கதவு திறந்தது மதுரையில்தான்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்று கேட்காத நகரம், வாடகைக்கு வீடு என்று வந்துவிட்டால், சொந்த ஊர் எது, குலதெய்வம் எது, வீட்டில் சைவமா அசைவமா என்று சுற்றி வளைத்து விசாரித்து, கடைசியில் தான் கேட்க வந்ததைத் தெரிந்துகொண்டுதான் சாவியைக் கொடுக்கிறது. கிராமத்திலிருந்து ஓடி வந்தவனைக் கிராமத்தின் வழக்கம் மாடிப்படி வரை பின்தொடர்கிறது. ஆயினும் ஒரு தெருவில் மறுத்தால் மறு தெருவில் கேட்டுப் பார்க்கலாம் என்ற வழி நகரத்தில் இருக்கிறது. அந்த வழி சிறியதாயினும் அற்பமன்று.

பிழைப்பைப் பற்றித் தனியே வாதிக்க வேண்டியதில்லை. ஹார்வி மில்லும் மீனாட்சி மில்லும் ஒரு காலத்தில் சுற்றுவட்டார இளைஞர்களைச் சங்கு ஊதி அழைத்தன. இப்போது அழைப்பது மாட்டுத்தாவணி. மலர்வதற்கு முன்பே மொட்டாகப் பறிக்க வேண்டிய பூ மல்லிகை. ஆகையால் கிராமத்துப் பெண்கள் விடியுமுன்னே தோட்டத்தில் இறங்கி மடியில் கட்டிப் பறிக்க, ஈரச் சாக்கில் அதைப் போட்டுக்கொண்டு வண்டிகள் பூச்சந்தைக்கு விரைகின்றன. கமிஷன் கடைக்காரர் தராசில் கொட்டி விலை சொல்லும் அந்தச் சில நிமிஷங்களே ஒரு குடும்பத்தின் அன்றைய ஸ்திதியை நிர்ணயிக்கின்றன. சில நூறு ரூபாய்க்குப் போகும் ஒரு கிலோ, பனியில் விளைச்சல் சுருங்கிய முகூர்த்த நாளில் சில ஆயிரங்களைத் தொடும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூவுக்கு மதுரை மல்லி என்று நகரத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். விளைகிற மண்ணோ சுற்றியிருக்கும் கிராமங்களினுடையது. இடைத்தரகர் இல்லாமல் உழவரே காய்கறியை விற்கும் உழவர் சந்தைகளுள் முதலாவது 1999 நவம்பர் 14-இல் திறக்கப்பட்டதும் மதுரை அண்ணா நகரில்தான். பகற்கடையும் இரவுக்கடையும் ஓயாமல் நடந்ததை மதுரைக்காஞ்சியே வருணித்திருக்க, தூங்கா நகரம் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்களில் பலர் கிராமத்திலிருந்து இரவு வேலைக்கு வருகிறவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இனி எதிர்ப்பக்ஷம். தேர் வலம்வருவதற்காக அமைந்த மாசி வீதிகளில் ஆட்டோவும் சரக்கு வேனும் இருசக்கர வாகனமும் ஒன்றையொன்று மறித்து நிற்பதையும், கோரிப்பாளையத்தைக் கடப்பதற்குள் பொழுது கழிவதையும் விரித்துரைக்க வேண்டியதில்லை. பத்து லட்சத்திற்கு மேல் ஜனத்தொகை கொண்ட 40 நகரங்களின் சுத்தத்தை மத்திய அரசு மதிப்பிட்டு 2025-இல் வெளியிட்ட வரிசையில் மதுரை கடைசி இடத்தில் நின்றது. அதே ஆண்டு நவம்பரில், திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட மெட்ரோ ரயில் கோரிக்கை, இருபது லட்சம் ஜனத்தொகை இல்லை என்ற காரணத்தால் திரும்பி வந்தது. மாநகரத்தின் கஷ்டங்கள் அனைத்தும் வந்துவிட்ட ஊருக்கு, மாநகரம் என்ற தகுதி மாத்திரம் போதவில்லையாம். இதைக் கேட்டு மனம் வருந்தாத மதுரைவாசி இருக்க மாட்டார்.

எனினும் குப்பையும் நெரிசலும் பணத்தாலும் நிர்வாகத்தாலும் தீரக்கூடியவை. நகரத்தின் மேல் நான் சுமத்தும் குற்றம் வேறு. அது தண்ணீரைப் பற்றியது.

மதுரைச் சமவெளியில் மழை ஆண்டு முழுவதும் பெய்வதில்லை. ஆகையினால் முன்னோர் வெட்டிய கண்மாய்கள் ஒவ்வொன்றும் தனித்து நிற்பவையல்ல; மேலேயுள்ள கண்மாய் நிறைந்ததும் கலுங்கு வழியே வழிந்து, மறுகால் ஓடி, அடுத்த கண்மாயை நிரப்பி, கடைசியில் எஞ்சியது ஆற்றைச் சேரும்படி ஒரு சங்கிலியாக அமைந்தவை. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை பாய்ச்சுவது என்பதைக் கவனிக்க நீர்க்கட்டி என்று ஓர் ஆள் ஊருக்கு ஊர் இருந்தார். அறுவடையில் அவருக்குப் பங்கும் இருந்தது. நகரம் வந்தபோது வயல் மனையாயிற்று. வயல் போனதால் மடை வீணாயிற்று. மடை வீணானதால் நீர்க்கட்டி வேலையிழந்தார். அவர் போனபின் எந்த வாய்க்கால் எங்கே போகிறது என்பதை அறிந்தவர் எவருமில்லை. 2004 ஜூலை 24-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டதே, அந்த வளாகமே உலகனேரிக் கண்மாயில் எழுந்தது என்றால், சாதாரண மனைவணிகரை மட்டும் குறை சொல்லிப் பயன் என்ன?

விளைவு 2024 அக்டோபர் கடைசியில் தெரிந்தது. சில மணி நேரம் கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாயின் உபரி நீர், வைகையை நாடிச் செல்ல வேண்டிய பந்தல்குடி வாய்க்காலில் அடங்காமல், வீடுகளுக்குள் புகுந்தது. அரிசிப் பானையைப் பரண்மேல் ஏற்றிவிட்டுக் குழந்தைகளைத் தோளில் சுமந்து நின்றவர்கள், கோடையில் குடத்தை வரிசையில் வைத்துக் குழாயடியில் காத்திருக்கும் அதே ஜனங்கள். வெள்ளமும் வறட்சியும் ஒரே தெருவுக்கு ஆறு மாத இடைவெளியில் வருவது இயற்கையின் கோபமன்று.

இந்தக் கேடு திருத்தக்கூடியது என்பதற்கு ஊருக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பல வருஷங்களாகக் காய்ந்து, சிறுவர்கள் கிரிக்கெட் ஆடும் மைதானமாகக் கிடந்தது. பனையூர் வாய்க்காலைச் சீர்செய்து வைகை நீரைத் திருப்பிவிட்ட பிறகு, மைய மண்டபத்தைச் சூழ மறுபடியும் நீர் நிற்கிறது. பழைய வழியைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்துவிட்டார்கள்; நீர் தன் வேலையைத் தானே செய்தது. அவனியாபுரத்தையும் பாருங்கள். மாநகராட்சிக்குள் வந்துவிட்ட பின்னும், தை முதல் நாளில் அதன் பிரதான சாலையில் வாடிவாசல் கட்டிக் காளையை அவிழ்த்துவிடுகிறார்கள். காளைக்கு வழி விடத் தெரிந்த நகரம் தண்ணீருக்கும் வழி விடலாம்.

ஆகவே நடுவராக என்னை உட்கார வைத்தால், நகரத்தின் பக்ஷமே தீர்ப்பளிப்பேன்; பிரசவத்தில் தாய் பிழைப்பதும், பெண் பிள்ளை கல்லூரிக்குப் போவதும், பிறந்த தெருவை மறைக்க அவசியமில்லாமல் ஒருவன் வேலை தேடுவதும் எனக்குப் பெரியவை. ஆனால் இணைப்பை எதிர்த்து மனுக் கொடுக்கும் கிராமத்தாரின் வாதத்தைத் தள்ளிவிட மாட்டேன். நூறு நாள் கூலியை இழக்கும் கிழவிக்கு அதற்கு ஈடான வேலையை மாநகராட்சி தர வேண்டும். கண்மாய்க் கரையைப் பலப்படுத்துவதும் மறுகாலைத் தூர்வாருவதும் அவளுக்குப் பழகிய வேலைதானே? நாற்பது ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய சிறு கண்மாய்கள் இப்போது ஊராட்சி ஒன்றியத்தின் வசம் இருக்கின்றன. ஊர் மாநகராட்சியில் சேரும் நாளில் அவை கை மாறும். கை மாறுவதற்கு முன்பாக, ஒவ்வொரு கண்மாய்க்கும் வரத்துக்கால் எது, கலுங்கு எது, மறுகால் எந்தச் சர்வே எண் வழியே போகிறது என்பதை ஊர்ப் பெரியவர்களை உடன் அழைத்து நடந்து பார்த்து, கல் நட்டு, வரைபடத்தில் ஏற்றிவிட வேண்டும். முதல் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பது அதற்குப் பிறகே நடக்கட்டும்.