‘பிறகு பார்ப்போம்’ என்பதற்கும் ஒரு புத்தகம் வேண்டும்

சரக்கெடுப்பதற்காக வெளிநாடு போய்வரும் வியாபாரிகளுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. எல்லோரும் ஏறி அமர்ந்தாயிற்று. ஆனால் விமானத்தின் கதவு இன்னும் மூடப்படவில்லை. மஞ்சள் மேலங்கி அணிந்த ஒருவர் கையில் ஒரு புத்தகத்துடன் விமானி அறைக்குப் போகிறார், வருகிறார். பராமரிப்புப் பதிவுகள் முடியும்வரை சற்றுப் பொறுத்திருக்குமாறு அறிவிக்கிறார்கள். “ஒரு துண்டுக் காகிதத்துக்காக இத்தனை பேரைக் காக்க வைக்கிறார்களே!” என்று பக்கத்து ஆசனத்தில் ஒருவர் முணுமுணுக்கிறார். நானும் பல தடவை அப்படி முணுமுணுத்தவன்தான்.

என் தங்கையின் மகன் வளைகுடா நாடொன்றில் விமானப் பராமரிப்புப் பொறியியலாளராக இருக்கிறார். பெருநாள் விடுமுறையில் வந்திருந்தபோது அவரிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டேன். “மாமா, அந்தப் புத்தகத்தைப் பார்க்காமல் புறப்படுகிற விமானத்தில் நீங்கள் ஏறவே கூடாது” என்றார். அன்று அவர் விளக்கியது நமது கடைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் பொருந்துவதாகப் பட்டதால் இங்கே எழுதுகிறேன்.

பறக்கின்ற எல்லா விமானங்களும் எந்தக் குறையும் இல்லாமல்தான் பறக்கின்றன என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. ஒரு விமானத்தில் ஆயிரக்கணக்கான கருவிகள் இருக்கின்றன. ஒரு வாசிப்பு விளக்கு எரியவில்லை என்பதற்காகப் பயணத்தை நிறுத்த முடியாது. எனவே எந்தெந்தப் பொருள் வேலை செய்யாவிட்டாலும், என்னென்ன நிபந்தனையின் கீழ் பறக்கலாம் என்று ஒவ்வொரு விமான வகைக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதை எம்.ஈ.எல். என்பார்கள். விமானக் கம்பனி அதைத் தன் இஷ்டப்படி எழுதிக்கொள்ள முடியாது. சிவில் விமானத்துறை அதிகாரிகளின் அங்கீகாரம் வேண்டும். பறப்பின் பாதுகாப்புக்குத் தேவையான ஒரு பொருள் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், அது வேலை செய்தே ஆக வேண்டும்.

பட்டியலில் உள்ள பழுதைத் திருத்தாமல் ஒத்திவைக்கலாம். ஆனால் அதற்குத் தவணை உண்டு. ‘பீ’ வகைப் பழுதுக்கு 3 நாள், ‘சீ’ வகைக்கு 10 நாள், ‘டீ’ வகைக்கு 120 நாள். பழுது பதியப்பட்ட நாள் இதில் சேராது, மறுநாளிலிருந்து எண்ணுவார்கள். ‘ஏ’ வகைக்கு மட்டும் தவணை அந்தந்தப் பொருளுக்கெனத் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். தவணை முடிந்தால் விமானம் நிற்க வேண்டியதுதான்.

தவணையோடு நிபந்தனையும் உண்டு. விமானத்தின் வாலில் ஏ.பீ.யூ. என்றொரு சிறிய இயந்திரம் இருக்கிறது. தரையில் நிற்கும்போது மின்சாரமும், பெரிய இயந்திரங்களை இயக்கத் தேவையான காற்றும் தருவது அது. அது பழுதானாலும் பறக்கலாம். ஆனால் போய் இறங்கும் இடத்தில் காற்றுக் கொடுக்கும் வண்டி இருக்க வேண்டும். அது இல்லாத சிறிய விமான நிலையமாக இருந்தால், போன விமானம் திரும்பி வராது. அதனால்தான் புறப்படுமுன் கெப்டன் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறார். என்னென்ன ஒத்திவைக்கப்பட்டுள்ளன, இன்றைய பயணத்துக்கும் காலநிலைக்கும் அவை பொருந்துமா, தவணை மிச்சமிருக்கிறதா என்று பார்க்கிறார். திருப்தியில்லை என்றால், பட்டியல் அனுமதித்தாலும் அவர் மறுக்கலாம்.

“சிறிய பழுதுகள் இரண்டு மூன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும் மாமா” என்றார் மருமகன். எனக்கு உடனே விளங்கிவிட்டது. தனித்தனியே பார்த்தால் சிறியவையான மூன்று செக்குகள் ஒரே திகதியில் வங்கிக்கு வந்தால் என்ன ஆகும் என்று எந்த வியாபாரிக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் புத்தகத்தில் எழுதிவிட்டதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. 2008 ஆகஸ்ட் 20ஆம் திகதி ஸ்பெயினின் மட்ரிட் நகரில் நடந்ததை அவர் உதாரணமாகச் சொன்னார். ஸ்பான்எயார் கம்பனியின் விமானமொன்று ஓடுபாதை வரை போய்த் திரும்பி வந்தது. வெளி வெப்பத்தை அளக்கும் கருவியின் சூடேற்றி, தரையில் நிற்கும்போதே சூடாகியிருந்தது. அது வானத்தில் மட்டுமே சூடாக வேண்டியது. வழியில் பனி உறையும் காலநிலை இல்லை. சூடேற்றி இல்லாமலேயே போகலாம் என்று பட்டியலும் சொன்னது. எனவே அதற்கான மின் இணைப்பைத் துண்டித்து விமானத்தை அனுப்பினார்கள். காகிதத்தில் எல்லாம் முறைப்படி இருந்தது.

ஆனால் தரையில் ஏன் சூடாகிறது என்ற கேள்விக்கு விடை தேடப்படவில்லை. விமானம் தரையில் நிற்கிறதா, பறக்கிறதா என்பதை அந்தச் சூடேற்றிக்கு உணர்த்துகிற அதே மின் ரிலேதான், புறப்படும்போது சிறகின் மடல்கள் இறக்கப்படாவிட்டால் ஒலிக்க வேண்டிய எச்சரிக்கை மணியோடும் இணைந்திருந்தது. அன்று விமானிகள் மடல்களை இறக்க மறந்தார்கள், சரிபார்ப்புப் பட்டியலிலும் அது தவறிப்போனது. மணியும் ஒலிக்கவில்லை. விமானத்திலிருந்த 172 பேரில் 154 பேர் இறந்தார்கள். மணி ஒலிக்காததற்கு அந்த ரிலேதான் காரணம் என்று விசாரணையில் அறுதியாக நிறுவ முடியவில்லை. ஆனாலும் ஒத்திவைக்கும்போது அடையாளத்தை மட்டும் பார்த்து, காரணத்தைக் கேட்காமல் விடுவது எவ்வளவு ஆபத்தானது என்பது அதிலிருந்து விளங்குகிறது.

இன்னொன்று, ஒரே பழுது திரும்பத் திரும்ப வருவது. 2014 டிசம்பர் 28ஆம் திகதி சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் நோக்கிச் சென்ற இந்தோனேசியா எயார்ஏசியா விமானம் கடலில் விழுந்து 162 பேரும் இறந்தார்கள். அதன் வால் சுக்கானோடு தொடர்புடைய ஒரு கருவியில், அதற்கு முந்தைய 12 மாதங்களில் 23 தடவை கோளாறு பதியப்பட்டிருந்தது. காரணம், ஒரு சிறிய ஈயப்பற்று வெடித்திருந்தது. கடைசிப் பயணத்தில் அதே கோளாறு மீண்டும் மீண்டும் வந்து, அதை நிறுத்த எடுத்த முயற்சியிலேயே விமானம் விமானிகளின் கட்டுப்பாட்டை இழக்கும் நிலை உருவானது. கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தால் அது சின்னக் கோளாறு. பழைய பக்கங்களைப் புரட்டினால்தான் அது வேறு கதை என்று தெரியும்.

இதைக் கேட்டபோது எனக்கு என்னுடைய லொறிதான் ஞாபகத்துக்கு வந்தது. அதன் ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காது. பெருநாள் வியாபாரம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று விட்டிருந்தேன். வழக்கமான சாரதி நிறுத்தும் இடமெல்லாம் சில்லுக்குக் கட்டை வைத்துச் சமாளித்து வந்தார். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். வேறொருவரை அனுப்பினேன். கட்டை வைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, மறந்தேபோனேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் தேநீருக்கு நிறுத்திவிட்டு அவர் இறங்க, லொறி பின்னால் உருண்டு ஒரு மதிலில் மோதி நின்றது. அந்த மதிலடியில் சற்று முன்னர்வரை பாடசாலைப் பிள்ளைகள் பஸ்ஸுக்காக நின்றிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், அன்று எவர் உயிரும் போகவில்லை.

நான் பழுதை ஒத்திவைத்தது மட்டும் குற்றமல்ல. கையில் காசில்லாதபோது எல்லா வியாபாரியும் ஒத்திவைக்கத்தான் செய்வான். அதை எங்கும் எழுதாமல், தவணை போடாமல், ஒரு மனிதரின் தலைக்குள்ளேயே விட்டு வைத்ததுதான் குற்றம்.

இப்போது என் ஒவ்வொரு லொறியிலும் ஒரு கொப்பி இருக்கிறது. களஞ்சியத்து ஜெனரேட்டருக்கும் தராசுக்கும்கூட ஒன்று உண்டு. என்ன பழுது, ஏன் வந்தது, இதற்கு முன் எத்தனை தடவை வந்தது, திருத்தும்வரை என்ன செய்து சமாளிப்பது, எந்தத் திகதிக்குள் திருத்துவது என்ற ஐந்தையும் அதில் எழுத வேண்டும். வண்டி எடுப்பவர் முதலில் அதை வாசித்துக் கையொப்பமிட வேண்டும். திருப்தியில்லை என்றால் ‘எடுக்க மாட்டேன்’ என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. அப்படி ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். மதிலை நினைத்துக்கொண்டு பேசாமலிருந்தேன். பிரேக்கைப் பொறுத்தமட்டில் இனி ஒத்திவைப்பே கிடையாது. அது என் பட்டியலில் இல்லாத பொருள்.

கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணை குறித்து எழுதிக்கொள்ளும்படியும், சிறியது பெரியது என்று பாராமல் எழுதுவதில் சலிப்படைய வேண்டாம் என்றும் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் நமக்குப் போதிக்கிறது. அந்த வசனம் பேசுவது பணக் கடனைத்தான். ஆனால் ஒத்திவைத்த பழுதும் ஒரு கடன்தான் என்பது என் எண்ணம். அதை எழுதாமல் வைத்திருந்தால், எடுத்தவன் ஒருவனாக இருக்க, ஒன்றும் அறியாத இன்னொருவன் அதைக் கட்ட நேரிடும்.

அடுத்த முறை விமானத்தில் புத்தகத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தால் முணுமுணுக்காதீர்கள். உங்கள் கடையில் ‘பிறகு பார்ப்போம்’ என்று விட்டிருப்பவற்றை அந்த நேரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். நம் பொறுப்பில் இருப்பவர்களின் உயிரும் உடைமையும் நம்மிடமுள்ள அமானிதம். அதைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.