தலையிட்டது குற்றம்! காலம் கடந்து போனவருக்கு கோர்ட்டு கொடுத்த தண்டனை

கொலை, கொள்ளை, மோசடி வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்டுகள் நமக்குத் தெரியும். காலத்தில் முன்னும் பின்னும் போய், அங்கே நடந்த காரியங்களில் தலையிட்டார் என்று ஒருவரைக் கூண்டில் ஏற்றிய கோர்ட்டு தெரியுமா?

கதையில் வரும் கோர்ட்டுதான் அது. லண்டன் பி.பி.சி. டெலிவிஷனில் 1963-ம் ஆண்டு தொடங்கிய "டாக்டர் ஹூ" தொடரில், 1969-ம் ஆண்டு ஜூன் 21-ந் தேதி இந்த விசாரணை ஒளிபரப்பாயிற்று. மால்கம் ஹல்க், டெரன்ஸ் டிக்ஸ் ஆகிய இருவரும் சேர்ந்து எழுதிய கதை.

யார் இந்த டாக்டர்?

நாடி பார்க்கும் டாக்டர் அல்ல. "கால அதிபர்கள்" என்ற வேற்று உலக இனத்தில் பிறந்தவர். எந்தக் காலத்துக்கும் போகும் சக்தி அந்த இனத்துக்கு உண்டு. ஆனால் அவர்களுடைய சட்டம் கண்டிப்பானது. எதையும் பார்க்கலாம், எதிலும் தலையிடக் கூடாது!

டாக்டருக்கு இது பிடிக்கவில்லை. கால யந்திரம் ஒன்றைத் திருடிக்கொண்டு ஓடினார். போன இடமெல்லாம் அக்கிரமக்காரர்களோடு மோதினார்.

தானே மாட்டிக்கொண்டார்

ஒரு கிரகத்தில் பெரிய சதி நடந்தது. பூமியில் பல காலங்களில் நடந்த போர்களிலிருந்து சிப்பாய்களைக் கடத்திவந்து, "போர் அதிபதி" என்பவனின் கூட்டம் அவர்களை மோதவிட்டது. பிழைத்தவர்களைப் படையாக்கி அண்டத்தையே பிடிப்பது அவன் திட்டம்.

சதியை டாக்டர் முறியடித்தார். ஆனால் அத்தனை சிப்பாய்களையும் அவரவர் காலத்துக்கு அனுப்ப அவரால் முடியவில்லை. கால அதிபர்களால்தான் முடியும். கூப்பிட்டால் தன்னையும் பிடித்துவிடுவார்கள்.

தெரிந்தே கூப்பிட்டார்!

தீர்ப்பு

போர் அதிபதிக்குக் கிடைத்த தண்டனை பயங்கரமானது. அவன் பிறக்கவே இல்லை என்பதுபோல் அடியோடு அழிக்கப்பட்டான்.

அடுத்து டாக்டர். தலையிட்டதை அவர் மறுக்கவில்லை. தாம் எதிர்த்த கொடியவர்களின் உருவங்களை நீதிபதிகளுக்குக் காட்டினார். இவ்வளவு சக்தி இருந்தும் கைகட்டி வேடிக்கை பார்த்த நீங்கள்தான் குற்றவாளிகள் என்று திருப்பி அடித்தார்.

மூன்று நீதிபதிகளும் அவருடைய வாதத்தில் பாதியை ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் விடவில்லை. அவரை 20-ம் நூற்றாண்டுப் பூமிக்கு நாடு கடத்தினார்கள். உருவத்தை மாற்றினார்கள். யந்திரத்தை ஓட்டும் ரகசியத்தை நினைவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கூட வந்த ஜேமி, ஜோயி இருவரும் அவரவர் காலத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவரோடு போன முதல் பயணம் ஒன்றைத் தவிர, மற்றதெல்லாம் அவர்களுக்கு மறந்துபோயிற்று.

ஒரே உலகம், ஒரே காலம். நமக்கு அது வாழ்க்கை, அவருக்கோ சிறை!

பிறகு?

டாக்டர் சும்மா இருக்கவில்லை. பூமிக்கு வந்த ஆபத்துகளிலெல்லாம் மறுபடியும் தலையிட்டார். 1972 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1973 ஜனவரி வரை ஒளிபரப்பான கதையில் கால அதிபர்களுக்கே ஆபத்து வந்தது. தண்டனை கொடுத்தவர்கள், தண்டிக்கப்பட்டவரிடமே உதவி கேட்டார்கள். அவரும் போய்த் தலையிட்டுக் காப்பாற்றினார்.

அதற்குப் பரிசாக, தலையிட்ட குற்றத்துக்குக் கொடுத்த தண்டனை ரத்தாயிற்று!