வலிப்பின் ஐந்தாவது நிமிடம்

வகுப்பறையில் மாணவன் ஒருவன் திடீரென்று விழுகிறான். கைகால்கள் விறைத்து வெட்டுகின்றன. சூழ்ந்து நிற்போரில் ஒருவர் இரும்புச் சாவியைத் தேடுகிறார். மற்றொருவர் வாயில் கரண்டியை நுழைக்க முற்படுகிறார். முன்னதனால் பயன் ஏதுமில்லை. பின்னது பற்களுக்குச் சேதம் விளைவிக்கும். ஆசிரியர் முதலில் நோக்கவேண்டியது கடிகாரத்தையே.

பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். ஐந்து நிமிடங்களைக் கடந்த வலிப்பு தானே அடங்குவது அரிது. அரை மணி நேரம் நீடிக்குமாயின் மூளைக்கு நிலையான ஊறு நேரலாம். அவசர மருந்து இவ்விடைவெளிக்கென்றே அமைந்தது.

1963-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த டயஸிபாம் சிரை வழியாகவும் குதத்தின் வழியாகவும் இதற்குப் பயன்பட்டு வருகிறது. அதே இனத்தைச் சேர்ந்த மிடசோலம், நாசியில் தெளிக்கத்தக்கது. அது மூக்கின் உட்சவ்வு வழியே இரத்தத்தில் கலந்து, மூளையிலுள்ள ‘காபா’ என்னும் அடக்கும் பொருளின் செயலை வலுப்படுத்துகிறது. நரம்பணுக்களின் மின்கிளர்ச்சி தணிகிறது.

குழந்தைகளுக்குப் பொதுவாக உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.2 மில்லிகிராம் என மருத்துவர் கணக்கிடுவர். 20 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு 4 மில்லிகிராம். தெளிப்பு ஒன்றுக்கு 0.5 மில்லிகிராம் தரும் புட்டியாயின் எட்டுத் தெளிப்புகள், நாசிக்கு நான்காக. ஆனால் ஒரே தெளிப்பில் 5 மில்லிகிராம் தரும் வகையும் 2019-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டுள்ளது. ஆகவே புட்டியின் செறிவை அறியாமல் தெளிப்புகளை எண்ணுவது பேராபத்தாகும்.

மருந்துக்குப்பின் தூக்கம், மூக்கெரிச்சல், கண்ணீர், சற்றே மறதி ஆகியவை தோன்றலாம். இவை தாமே நீங்கும். அஞ்சத்தக்கது சுவாசம் தளர்தல். அளவு மிகுந்தாலோ, மருத்துவர் குறிப்பின்றி மீண்டும் அளித்தாலோ, அபினி இன மருந்துகளோ மதுவோ உடலில் இருந்தாலோ இவ்வபாயம் பெருகும். எனவே சிறுவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முற்றிலும் தெளியும்வரை ஒருவர் அருகிலிருந்து மார்பின் ஏற்றத் தாழ்வைக் கவனித்தல் வேண்டும். அதுவரை நீரும் உணவும் தரலாகாது. மூச்சு மெலிந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மருந்தளித்து ஐந்து நிமிடங்களில் வலிப்பு நில்லாவிடினோ, 108 ஊர்தியை உடனே அழைக்கவேண்டும். முதன்முறை வலிப்பு கண்டவரையும் மருத்துவமனைக்கு அனுப்புதல் அவசியம்.

பள்ளியில் மருந்தோடு மருத்துவரின் எழுத்துக் குறிப்பும் இருத்தல் வேண்டும்: மாணவன் பெயர், எடை, தெளிப்புகளின் எண்ணிக்கை, மருந்தின் காலாவதி நாள். பிள்ளைகள் வளர்கின்றனர், குறிப்பு வளர்வதில்லை. 15 கிலோவுக்கு எழுதிய அளவு 20 கிலோ சிறுவனின் வலிப்பை நிறுத்தாது போகலாம். ஆண்டுத் தொடக்கத்தில் எடைபார்க்கும் நாளிலேயே, பெற்றோர் மூலம் இக்குறிப்பையும் புதுப்பித்துக்கொள்வது ஆசிரியர் கடமையாகும்.