வெள்ளியும் அடிமுத்திரையும்

மல்லாபூரில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், ஊரிலிருந்து கொணர்ந்த பன்னீர்ச் செம்போ சந்தனக் கிண்ணமோ இருத்தல் கூடும். அதனை விற்கவோ பங்கிடவோ நேருங்கால் பளபளப்பை நம்பலாகாது. பாத்திரத்தைக் கவிழ்த்து அடியை நோக்குதல் வேண்டும்.

ஆங்கில எழுத்தில் ‘இ. பி. என். எஸ்.’ என்றிருப்பின், அது ஜெர்மன் சில்வரின்மீது மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசியதாகும். ஜெர்மன் சில்வரோ செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் கலவை. பெயரிலன்றிப் பொருளில் வெள்ளி இல்லை. ‘ஸ்டெர்லிங்’ அல்லது ‘925’ என்பது, ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி எனக் குறிக்கும். அமெரிக்கக் கரண்டிகளில் காணும் ‘1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்’ என்பதோ முலாம் சரக்கின் வணிகப் பெயர். அவ்வெண் செய்த ஆண்டன்று.

சென்னை பி. ஆர் அண்டு சன்ஸ் போன்ற கடைப் பெயர் பாத்திரம் வந்த இடத்தை உணர்த்தும். அதுமட்டுமே மாற்றுக்குச் சான்றாகாது.

முத்திரையே இல்லையெனில்? நம் நாட்டில் வெள்ளிக்கு அரசாங்கத் தரமுத்திரை வந்தது 2005-ஆம் ஆண்டில்தான். ஆகையால், பாட்டனார் காலத்துப் பாத்திரத்தில் முத்திரையில்லை என்று கூறி ஒருவர் விலையைக் குறைப்பாராயின், அதற்கு இணங்க வேண்டுவதில்லை. மாற்றுப் பரிசோதனை நிலையத்தில் சோதித்தபின் விலை பேசுவோமாக.